மனக்காயத்துக்குச் சிகிச்சை: அறைக்குள் என்ன நடக்கும் என்று யாராவது சொல்ல வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பட்டாசு ஆலை வெடிவிபத்து, பேருந்து கவிழ்தல், சிறுமிகள் மீதான பாலியல் வன்முறை போன்ற செய்திகளின் கடைசிப் பத்தியில், 'பாதிக்கப்பட்டவர்களுக்கு உளவியல் ஆலோசனை வழங்க ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது' என்ற வரி தங்கள் நாளிதழ் உட்பட எல்லா நாளிதழ்களிலும் தவறாமல் இடம்பெறுகிறது. அந்த ஆலோசனை என்பது என்ன, அறைக்குள் போனால் என்ன கேட்பார்கள், எத்தனை முறை போக வேண்டும், போனால் குணமாகுமா என்பதை எவரும் எழுதுவதில்லை. ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கடலோரக் கிராமங்களிலும், அதன்பின் ஓய்வு பெறும்வரை விருதுநகர் மாவட்டத்திலும் மனநலச் சமூகப் பணியாளராக வேலை பார்த்தவள் நான். சிகிச்சைக்கு வந்தவர்களில் கணிசமானோர் மூன்றாவது, நான்காவது அமர்வோடு நின்றுவிடுவதைத் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். சிகிச்சை பயனற்றது என்பதால் அவர்கள் நிற்கவில்லை. இடையில் சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும் என்பதை முன்கூட்டி யாரும் சொல்லாததால், 'இதற்குப் போய்த்தான் எனக்கு அதிகமாகிவிட்டது' என்ற முடிவுக்கு வந்து நின்றார்கள். அந்த முன்தகவலைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்வதே இக்கடிதத்தின் நோக்கம்.

பெரிய விபத்தையோ வன்முறையையோ சந்தித்த எல்லோருக்கும் சிகிச்சை தேவைப்படுவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தொடக்க வாரங்களில் தூக்கம் கெடுவதும், சிறு சத்தத்துக்கும் உடம்பு தூக்கிவாரிப் போடுவதும், கண்ணை மூடினால் அதே காட்சி வந்து நிற்பதும் எவருக்கும் வரக்கூடியவை. பெரும்பாலானோருக்கு இவை வீட்டாரின் ஆதரவிலும் அன்றாட வேலைகளிலும் மெல்லக் குறைந்துவிடுகின்றன. ஒரு மாதத்தைத் தாண்டியும் குறையாமல், வேலைக்குப் போவதையும் பிள்ளைகளைக் கவனிப்பதையும் தடுக்கும் அளவுக்கு நீடித்தால்தான் அதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று, அதாவது பி.டி.எஸ்.டி. என்று, மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். சம்பவம் நடந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து, நடந்தது முழுவதையும் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. ஆனால் நம் ஊரில் 'கவுன்சலிங்' என்ற பெயரில் நடப்பது பல நேரங்களில் அதுதான். 2005-இன் தொடக்க மாதங்களில், காலையில் ஒரு குழுவும் மாலையில் இன்னொரு குழுவுமாக முகாமுக்கு வந்து, அதே குழந்தைகளிடம் அலையை வரையச் சொல்லிக் கிரயான் பெட்டிகளை நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். சில நாட்களில், வெளியூர் வண்டி வந்து நின்றாலே பிள்ளைகள் யாரும் கேட்காமல் நீலக் கிரயானை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குத் தேவைப்பட்டது வேளாவேளைக்குச் சாப்பாடு, பயமில்லாமல் படுக்க ஓர் இடம், காணாமல்போன உறவினரைப் பற்றிய உறுதியான தகவல், திறந்திருக்கும் ஒரு பள்ளிக்கூடம்.

ஒரு மாதம் கழித்தும் குறையாதவர்கள் நேராக மனநல மருத்துவரிடம் வருவது அரிது. நெஞ்சு படபடப்புக்கு ஈ.சி.ஜி. எடுத்து, தலைவலிக்கு ஸ்கேன் எடுத்து, எல்லாம் நார்மல் என்று சொல்லப்பட்ட பிறகு, 'பயந்த கோளாறு' என்று வேப்பிலை அடித்து, தர்காவில் ஓதிக் கயிறு கட்டி, இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வருகிறார்கள். இதை நான் பழிக்கவில்லை. கயிறு கட்டிக்கொண்டதால் சிகிச்சை கெட்டுப்போவதில்லை, கழற்றிவிட்டு வா என்று எந்த நல்ல சிகிச்சையாளரும் சொல்லமாட்டார். இடையில் மாதங்களும், சில வேளை ஆண்டுகளும் கடந்துவிடுவதுதான் கவலைக்குரியது. அத்தனை காலம் கடந்து வந்தாலும் சிகிச்சை பலனளிக்கும் என்பது ஆறுதலான செய்தி.

முதல் நாள் என்ன நடக்கும் என்ற அச்சமே பலரை வாசலில் நிறுத்திவைக்கிறது. 'எல்லாவற்றையும் சொல்லச் சொல்வார்களே' என்று மறுகிப்போய், புறநோயாளிச் சீட்டை வாங்கிய பின்னும் திரும்பிப் போனவர்கள் உண்டு. உண்மையில் முதல் நாளில் நடந்ததை ஓரிரு வரிகளில் சொன்னால் போதும். அதுவும் முடியவில்லை என்றால், 'இப்போது சொல்ல முடியவில்லை' என்று சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. முதல் இரண்டு மூன்று அமர்வுகள் பெரும்பாலும் விசாரிப்பதற்கே போகும். தூக்கம் எப்படி, பசி எப்படி, கெட்ட கனவு வருகிறதா, எந்த இடத்துக்கு அல்லது எந்த நினைவுக்குப் போகாமல் விலகி நடக்கிறீர்கள், குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். கடந்த ஒரு மாதத்தைப் பற்றிய 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் போடச் சொல்வதும் உண்டு. அது தேர்வுத்தாள் அல்ல. சில வாரங்கள் கழித்து அதே படிவத்தை நிரப்பச் சொல்லி, மதிப்பெண் இறங்கியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுப்பது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டிக் கேட்டுக்கொள்வார்கள்.

'செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா' என்றும் கேட்பார்கள். உடன் வந்த உறவினர் இந்தக் கேள்வியில் அதிர்ந்துபோய், இல்லாத எண்ணத்தை ஏன் கிளப்புகிறீர்கள் என்று சண்டைக்கு வந்ததுண்டு. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருப்பவர்களே அதிகம். அதேபோல, ஆபத்து இன்னும் நீடிக்கிறதா என்றும் விசாரிப்பார்கள். அடிக்கும் கணவரோடு அதே வீட்டில் வாழும் பெண்ணிடம் பழைய அடிகளின் நினைவைக் கிளறுவது சிகிச்சையாகாது. அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்களுக்கான 181 உதவி எண்ணும் மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையமும் அந்த இடத்தில் சிகிச்சையின் பகுதியாகவே ஆகிவிடுகின்றன.

இதற்கடுத்து வரும் கட்டத்தை, வெறும் பேச்சாக இருக்கிறதே என்று நோயாளிகள் சலித்துக்கொள்வார்கள். உடம்பும் மனமும் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்பதைச் சிகிச்சையாளர் விளக்கும் கட்டம் அது. என் அனுபவத்தில் பாதிப் பாரம் இறங்குவது இங்கேதான். ஆபத்து வரும்போது மூளை நம்மைக் கேட்காமலே உடம்பை ஓடவோ, எதிர்க்கவோ, அசைவற்று உறைந்துபோகவோ செய்துவிடுகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் 'ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை' என்று காவல் நிலையம் முதல் சொந்தத் தாய் வரை எல்லோரும் கேட்டிருப்பார்கள். அவளும் தன்னைத்தானே அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள். உறைந்துபோவது சம்மதம் அல்ல, கோழைத்தனமும் அல்ல, உடம்பு தானாகச் செய்யும் ஒரு தற்காப்பு என்று ஒருவர் நிதானமாகச் சொல்லும்போது, அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, 'நிஜமாவா மேடம்?' என்று கேட்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

நினைவு திடீரென்று வந்து அமுக்கும்போது இந்த நிமிடத்துக்குத் திரும்பி வருவதற்கான பயிற்சிகளும் இக்கட்டத்தில் கற்றுத்தரப்படும். பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொள்வது, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்வது, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குவது போன்ற எளிய காரியங்கள்தாம் அவை. இதற்கா ஐம்பது கிலோமீட்டர் பேருந்தில் வந்தோம் என்று தோன்றும். வீட்டில் நன்றாக இருக்கும் வேளையில் பழகி வைத்துக்கொண்டால்தான், இரவு இரண்டு மணிக்குத் தேவைப்படும்போது கைகொடுக்கும். நீச்சலும் இப்பயிற்சியும் வெள்ளம் வந்த பிறகு கற்றுக்கொள்ளக்கூடியவை அல்ல.

சிகிச்சையின் நடுப்பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த முறையில், தவிர்த்துவந்த நினைவையும் தவிர்த்துவந்த இடங்களையும் பாதுகாப்பான சூழலில் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளச் செய்கிறார்கள். வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பட்டாசு ஆலையில் மணி மருந்து என்னும் வெடிக்கலவையைக் கலக்கும்போது உராய்வினால் வெடித்த ஓர் அறைக்குப் பக்கத்து அறையில் வேலை செய்து, கையில் சிறு தீக்காயத்தோடு தப்பிய ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்கிறேன் (அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்). காயம் ஆறி நெடுநாளாகியும் அவர் தம் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து பற்றவைத்துவிட்டுப் போவார். குக்கர் விசில் சத்தம் கேட்டால் பின்வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடிவிடுவார். தீபாவளி வாரம் முழுவதும் காட்டுப் பக்கத்தில் உள்ள அக்காள் வீட்டில் போய் இருந்துவிடுவார்.

அவரோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். எது எவ்வளவு பயம் தரும் என்று பூஜ்யம் முதல் நூறு வரை அவரே மதிப்பெண் கொடுத்தார். மூடிய தீப்பெட்டியைக் கையில் வைத்திருப்பது முப்பது, முற்றத்தில் நின்று ஒரு குச்சியை உரசுவது ஐம்பது, சாமி விளக்கு ஏற்றுவது ஐம்பத்தைந்து, கேஸ் அடுப்பு எழுபது, தெருவில் சரவெடி வெடிக்கும்போது வீட்டுக்குள்ளேயே இருப்பது நூறு. முதல் வாரம் முழுக்கத் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, படபடப்பு தானாக இறங்கும்வரை உட்கார்ந்திருப்பதே அவருக்கு வீட்டுப்பாடம். பயம் ஏறுகிறது, உச்சத்துக்குப் போகிறது, ஓடிப்போகாமல் இருந்தால் தானாகவே இறங்கியும் விடுகிறது, தீப்பெட்டியும் வெடிப்பதில்லை என்பதை உடம்பு தன் அனுபவத்தில் கற்றுக்கொள்ள வேண்டும். இதை நாம் வாயால் ஆயிரம் முறை சொன்னாலும் உடம்புக்கு ஏறாது. இதற்கு இணையாக அறைக்குள், அன்று காலை பணிக்கு வந்தது முதல் ஆம்புலன்ஸ் ஏறியது வரை நடந்ததை, இப்போது நடப்பதுபோல நிகழ்காலத்தில், கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்வார்கள். சொன்னதைக் கைப்பேசியில் பதிவுசெய்து, வீட்டில் தினமும் ஒருமுறை கேட்டு வரச் சொல்வார்கள்.

நான் மேலே சொன்ன கூடுதல் வலி பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வரும். தவிர்த்துத் தவிர்த்து மூடிவைத்திருந்ததைத் திறப்பதால், சிலருக்கு ஓரிரு வாரங்கள் கெட்ட கனவு கூடும், அழுகை வரும், வீட்டில் எரிந்து விழுவார்கள், அமர்வு முடிந்த அன்று உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் இருக்கும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆகிறவர்களும், நிற்காமல் தொடர்ந்தால், மற்றவர்களைப் போலவே குணமடைகிறார்கள் என்பதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே அமர்வு நாளன்று முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதிருப்பது, முடிந்தால் ஒருவரைத் துணைக்கு அழைத்து வருவது, மறுநாள் வீட்டில் கொஞ்சம் விட்டுப்பிடிக்கும்படி முன்பே சொல்லிவைப்பது ஆகியவை நல்லது. ஆனால் தற்கொலை எண்ணம் வலுத்தாலோ, கையைக் கீறிக்கொள்ளத் தோன்றினாலோ, குடி கூடினாலோ, எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் மணிக்கணக்கில் போனாலோ, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய வலியாக எண்ணாமல் சிகிச்சையாளரிடம் உடனே சொல்ல வேண்டும். அவர் வேகத்தைக் குறைப்பார், அல்லது நினைவைத் தொடும் வேலையை நிறுத்திவிட்டு முந்தைய பயிற்சிகளுக்குத் திரும்புவார். வேகத்தைக் குறைப்பதைத் தோல்வி என்று எண்ண வேண்டியதில்லை. சிகிச்சையை மாற்ற வேண்டும், நிறுத்த வேண்டும் என்று நினைத்தாலும், சொல்லாமல் நின்றுவிடுவதைவிட ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போவது மிகவும் உதவும். பாதிச் சிக்கல்கள் அந்தப் பேச்சிலேயே தீர்ந்துவிடும்.

இது ஒன்றே வழி என்று எவரும் நினைக்க வேண்டாம். நடந்ததற்குத் தானே காரணம் என்ற குற்றவுணர்வில் சிக்கியவர்களுக்கு, அந்த எண்ணங்களை எழுத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் குறுக்கு விசாரணை செய்யும் முறை ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா ரெசிக் வகுத்த அம்முறை வழக்கமாக 12 அமர்வுகளில் முடியும். சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே நினைவை மனத்தில் நிறுத்தும் ஈ.எம்.டி.ஆர். என்ற முறை, 1980-களின் இறுதியில் இன்னோர் அமெரிக்க உளவியலாளரான ஃபிரான்சின் ஷப்பிரோ உருவாக்கியது. பார்ப்பவர்களுக்கு மாயவித்தை போலத் தோன்றும், எனக்கும் தொடக்கத்தில் நம்பிக்கை இருக்கவில்லை. கண் அசைவினால்தான் பலன் கிடைக்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பலன் கிடைக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2013-இல் அதைப் பரிந்துரைத்தது.

நம் மக்களுக்கு நெருக்கமாக எனக்குப் படுவது, ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான கதைசொல்லல் முறைதான். போரும் இடப்பெயர்வுமாக அடிமேல் அடி வாங்கியவர்களுக்காக அது வகுக்கப்பட்டது. தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போட்டு, பிறந்த நாளிலிருந்து இன்றுவரை வாழ்வில் நடந்த நல்லவற்றுக்கு ஒரு பூவும் கெட்டவற்றுக்கு ஒரு கல்லும் வைத்துக்கொண்டே போகச் சொல்வார்கள். பின்வரும் அமர்வுகளில் ஒவ்வொரு கல்லின் கதையையும் காலவரிசையில் விரிவாகச் சொல்லி, அது எழுதப்பட்டு வாசித்துக் காட்டப்படும். போரையும் ஆழிப்பேரலையையும் அடுத்தடுத்துச் சந்தித்த இலங்கையின் வடகிழக்குக் குழந்தைகளிடம் இம்முறை பயன்படுத்தப்பட்டு, 2009-இல் ஆய்வாக வெளிவந்தது. ஆறு அமர்வுகள், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் நடத்தியவை. தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்ற இன்னொரு குழுவும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தது என்பது அந்த ஆய்வில் பலரும் கடந்துபோய்விடும் செய்தி. பெரிய பட்டங்கள் இல்லாத, ஆனால் ஒழுங்காகப் பயிற்றுவிக்கப்பட்டுக் கண்காணிக்கப்பட்ட உள்ளூர் ஆட்களாலும் இதைச் செய்ய முடியும் என்பதே நம் அரசு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

மாத்திரை பற்றியும் கேட்பார்கள். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் உதவும், ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும், தாமாக நிறுத்தவும் கூடாது. அல்பிரசோலம், டயாசிபாம் போன்ற மாத்திரைகள் அன்றைய இரவைக் கடத்த உதவுவதுபோல் தோன்றினாலும் இந்நோயைக் குணப்படுத்துவதில்லை, பழகிப்போய்விடவும் கூடும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் அவற்றை வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் அதைச் சிகிச்சையாளரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

குடும்பத்தாரைப் பற்றிச் சற்று நீட்டியே எழுத வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் நோயாளி தனியாக வருவதில்லை. கணவர், மாமியார், அண்ணன் என்று யாராவது கூடவே உள்ளே நுழைந்து, கேட்கும் கேள்விக்கெல்லாம் அவர்களே பதில் சொல்வார்கள். சிகிச்சையாளர் அவர்களை வெளியே காத்திருக்கச் சொல்வதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திரும்பும் வழியில் 'உள்ளே என்ன சொன்னாய்?' என்று துருவுவதும் கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்கும்படி சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி சிகிச்சையாளர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இந்த எல்லைகளை அவர் முதல் அமர்விலேயே சொல்லிவிடுவதுதான் முறை. சொல்லாவிட்டால் நீங்களே கேட்கலாம். குடும்பத்தார் செய்யக்கூடிய பெரிய உதவி, 'அதையே நினைத்துக்கொண்டிருக்காதே, மறந்துவிடு' என்ற அறிவுரையைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைப்பது. மறக்க முடிந்தால் அவர் மறந்திருக்க மாட்டாரா? மேலே சொன்ன பெண்மணியின் கணவர் செய்ததுபோல, மனைவி தீப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கேலி செய்யாமல், அதைப் பிடுங்கியும் விடாமல், திண்ணையில் பேசாமல் இருந்தாலே போதும்.

எத்தனை காலம் என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. ஒற்றை விபத்து என்றால் வாரம் ஒரு முறை வீதம் மூன்று நான்கு மாதங்களில் பெரும் மாற்றம் தெரியலாம். சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் நடந்த கொடுமை என்றால், நம்பிக்கை பிறப்பதற்கே மாதங்கள் ஆகும். மொத்தச் சிகிச்சை ஓராண்டைத் தாண்டியும் போகலாம். 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதைச் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. குணமாவது என்றால் நினைவே அழிந்துபோவது அல்ல. நினைவு வரும், வருத்தமும் இருக்கும், ஆனால் குக்கர் விசில் அடித்தால் போய் அடுப்பை அணைப்பார்கள்.

யாரிடம் போவது என்பதில் எச்சரிக்கை தேவை. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்பது தவறில்லை. ஆனால் 'கவுன்சலர்' என்ற பெயர்ப்பலகையைச் சில வாரச் சான்றிதழ்ப் படிப்போடு யாரும் மாட்டிக்கொள்ள முடிகிற நிலைதான் இருக்கிறது. மனக்காயத்துக்கான சிகிச்சையில் எங்கே பயிற்சி பெற்றீர்கள், எந்த முறையைப் பின்பற்றுவீர்கள், ஏறத்தாழ எத்தனை அமர்வுகள், கட்டணம் எவ்வளவு, இரவில் நிலைமை மோசமானால் யாரை அழைப்பது என்று முதல் நாளே கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் இக்கேள்விகளால் கோபப்படமாட்டார். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லித்தான் தீர வேண்டும் என்று வற்புறுத்துபவர், ஹிப்னாடிசம் செய்து மறந்துபோன நினைவுகளை வெளியே எடுத்துத் தருவதாகச் சொல்பவர், அனுமதியின்றித் தொடுபவர், உங்கள் உடையையோ நடத்தையையோ குற்றம் சொல்பவர், பிற நோயாளிகளின் கதையை உங்களிடம் சொல்பவர் ஆகியோரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். உங்கள் கதையும் நாளை இன்னொருவர் காதுக்குப் போகும்.

அரசுக்குச் சொல்லவேண்டியவையும் உண்டு. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015–16), பல்வேறு மனநோய்களில் சிகிச்சை கிடைக்காதோரின் விகிதம் 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதாகக் கண்டது. நம் மாநிலத்தில் மாவட்ட மனநலத் திட்டம் நடக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழில் பேச முடிகிறது. இவை சிறிய காரியங்கள் அல்ல. ஆனால் தொலைபேசி ஆலோசனை ஒரு நெருக்கடி இரவைத் தாண்ட உதவுமே தவிர, தீப்பெட்டியில் தொடங்கி அடுப்பு வரை ஒருவரை அழைத்துச் செல்லாது. அதற்கு ஒரே ஆள், ஒரே அறை, வாரம் ஒரு மணி நேரமாவது வேண்டும். புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் இடத்தில், பாதித் தடுப்புக்கு அந்தப்பக்கம் மருந்துச் சீட்டு வரிசை நிற்கும் இடத்தில், இந்தச் சிகிச்சை நடக்காது. ஒப்பந்தப் பணியில் இருக்கும் ஆலோசகர் ஆறு மாதத்தில் மாறிவிட்டால், நோயாளி புதியவரிடம் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பலர் தொடங்குவதேயில்லை.

ஆகவே, தீக்காயப் பிரிவிலிருந்தும் விபத்துப் பிரிவிலிருந்தும் வீட்டுக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவரிடமும் மேற்கண்ட செய்திகள் அடங்கிய ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கையை டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்த்துக் கொடுக்க மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். எந்த அறை, எந்தக் கிழமை, ஆலோசகரின் பெயர் என்ன என்பது அதில் கையால் எழுதித் தரப்பட வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் கதவை மூடக்கூடிய ஓர் அறையையாவது இதற்கென ஒதுக்க வேண்டும். இன்னொன்றும் மிக முக்கியம். பட்டாசு ஆலையிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவருக்கு வாரத்தில் ஒரு பகல் மருத்துவமனையில் கழிந்தால் ஒரு நாள் கூலி போய்விடும், பேருந்துக் கட்டணமும் தனி. பாதியில் நின்றவர்களின் வீடுகளுக்குப் போய் விசாரித்தபோது, வலி கூடியதைச் சொன்னவர்களுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்டது இந்தக் காரணத்தைத்தான். விபத்து இழப்பீட்டை அறிவிக்கும் அரசும், அதில் பங்கு செலுத்தும் ஆலை உரிமையாளர்களும், சிகிச்சைக்கு வரும் நாட்களின் கூலியையும் பயணச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அது முடியாதென்றால், வாரத்தில் இரண்டு நாளாவது மனநலப் பிரிவை மாலை ஆறு மணிக்கு மேல் திறந்துவைக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மனநலச் சமூகப் பணியாளர்,
விருதுநகர் மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.)